கழிவுநீர் ஆட்களின் சோப்பிலும் தண்ணீரிலுமா மிச்சம் பிடிக்க வேண்டும்?

கழிவுநீர்க் குழாய், மேன்ஹோல், பம்ப் நிலையப் பராமரிப்பை ஒப்பந்தமாக எடுக்கும் சிங்கப்பூர் நிறுவனங்களின் முதலாளிகளுக்கும், அங்குள்ள பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், அந்த ஒப்பந்தங்களின் விலைப்புள்ளியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

நான் வேலை செய்யும் நிறுவனத்தில் சென்ற மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கழிவுநீர்க் குழாய் அடைப்பை உயர் அழுத்தத் தண்ணீரால் பெயர்க்கும் ஜெட்டிங் லாரிகளின் பின்பக்கம் இருக்கும் கை கழுவும் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் இன்னொரு ஓஸ் சுருள் வரும். கை சுத்தத்துக்கு லாரிக்கு ஒரு சானிடைசர் போத்தல். விசாரித்த அளவில் மற்ற நிறுவனங்கள் சிலவற்றிலும் இதே கதைதான். அதனால்தான் ஒரு முதலாளிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பார்த்தேன். சானிடைசர் 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று போத்தலிலேயே போட்டிருக்கிறது என்றார்கள். அது பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கைக்குப் பொருந்தும். ஈரச் சேறும் சமையல் கொழுப்பும் அப்பிய கையில் ஆல்கஹாலை ஊற்றினால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. அடியில் இருக்கும் கிருமியை அது எட்டுவதும் இல்லை. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் என்று மருத்துவமனைத் தாதியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் வேறு விதியா?

இன்னொருவர் கேட்டதுதான் அருமை. லாரியே பல ஆயிரம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறது, அதில் கழுவிக்கொள்ளக் கூடாதா என்றார். குழாய்க்குள் இறுகிக் கிடக்கும் கொழுப்பைப் பெயர்த்து எடுக்கும் அழுத்தத்தில் வருகிற தண்ணீர் அது. அதில் கையைக் காட்டினால் தோல் மிஞ்சாது. இதைச் சொன்னவர் ஜெட்டிங் நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. சரி, அதை விடுவோம்.

இந்த மாற்றத்தை முதலில் ஒரே ஒரு லாரியில் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பம்ப் நிலையத்தில் பம்ப் அடைத்துக்கொண்டது. மேலே தூக்கித் திறந்தால் உள்ளே சுழலும் விசிறியான இம்பெல்லரைச் சுற்றி வெட் டிஷ்யூ, தலைமுடி, துணி, பல் இடுக்கு நூல் எல்லாம் சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. கழிவறையில் போடலாம் என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள் பாருங்கள், அந்த டிஷ்யூதான் பெரும்பாலும். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன் கத்தியால் அறுத்து அறுத்து அதை எடுத்துக்கொண்டிருந்தான். முறுக்குக்குள் இருந்த ஒரு கம்பித் துண்டு ரப்பர் கையுறையைக் கிழித்து ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில் ஏறிவிட்டது. நான் அன்று வேறொரு இடத்தில் இருந்தேன். சாயங்காலம் போன் செய்து, "சின்னக் கீறல்தாண்ணே, சானிடைசர் ஊத்திப் பிளாஸ்டர் போட்டுட்டேன்" என்றான். கழுவத் தண்ணீர் இல்லை. அதே கையோடு, அதே உடுப்போடு லாரி ஏறி, ஊழியர்கள் தங்கும் டார்மிட்டரிக்குப் போனபிறகுதான் குளித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் விரலை மடக்க முடியவில்லை. கிளினிக்கில் அமாக்ஸிசிலின் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. திரும்பப் போனான், மாத்திரையை மாற்றினார்கள். அதற்கும் அடங்காமல் வீக்கம் புறங்கை வரை ஏறியது. அப்புறம்தான் மருத்துவமனை. அங்கே விரலைத் திறந்து சீழை எடுத்து, அதில் இருப்பது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த முடிவு: இ.எஸ்.பி.எல் வகை ஈ.கோலை. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளையும், செஃபலோஸ்போரின் குடும்பத்தில் பெரும்பாலானவற்றையும் உடைத்துப் போடும் ஒரு நொதியைத் தானே தயாரித்துக்கொள்ளும் கிருமி அது. விழுங்கிய மாத்திரைகள் ஏன் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு தினமும் எர்டாபெனம் ஊசி. பொதுவாக மற்ற மருந்துகள் தோற்றபிறகு எடுக்கிற கார்பபெனம் குடும்பத்து மருந்து அது. விரல் பிழைத்தது. ஆனால் அந்தக் கணு இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. ஸ்பேனர் பிடித்தால் நழுவுகிறது.

தொட்டியில் தண்ணீர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆழமாக ஏறிய காயம் கழுவினாலும் சீழ் பிடிக்கலாம். ஆனால் அழுக்குக் காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது எந்த முதலுதவி வகுப்பிலும் முதல் பாடம். அந்த ஒன்றைச் செய்ய வழியில்லாமல் ஆக்கிவிட்டு, இத்தனையும் நடந்த பிறகு, சோதனை வெற்றி என்று முடிவு கட்டி எல்லா லாரியிலும் தொட்டியை எடுக்கிறீர்கள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அந்தத் தம்பியின் விடுப்பைச் சொந்த நோய் என்று பதிந்தார்கள். ஏன் என்று கேட்டால், கிருமியை அவன் ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பான் என்று பதில்.

கொண்டுவந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. நெதர்லாந்துப் பயணிகளைப் பின்தொடர்ந்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், தெற்காசியாவுக்கு வந்து திரும்பியவர்களில் நான்கில் மூன்று பேர் இ.எஸ்.பி.எல் கிருமியைக் குடலில் ஏற்றிக்கொண்டு போனது தெரிந்தது. அவர்கள் சுற்றுலாப் பயணிகள். தீபாவளிக்குச் சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் அதே மாதிரி நடக்கலாம். ஆக, அந்தக் கிருமி அவன் குடலிலிருந்து வந்ததா, பம்பைச் சுற்றிக் கிடந்த கழிவிலிருந்து வந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலையில் சேரும்போது யாரும் அவனைச் சோதித்துப் பார்க்கவில்லை. பம்பிலிருந்து மாதிரி எடுக்கவும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதி, அதையும் அவன் தலையிலேயே கட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. கிருமி எங்கிருந்து வந்தாலும் விரலைக் கிழித்த கம்பி ஊரிலிருந்து வரவில்லையே. வேலை நேரத்தில், வேலை இடத்தில் ஏற்பட்ட காயம் அது. வேலையில் காயப்பட்டு ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் விதி. சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. இது உங்கள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கழிவுநீரில் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பேசுவோம். ஏனென்றால் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எங்கள் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அதை யாரும் பேசுவதில்லை.

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. அமாக்ஸிசிலினில் பாதிக்கும் மேல் அப்படியே சிறுநீரில் போய்விடும். அதோடு, மருந்துக்குத் தப்பிய குடல் கிருமிகளும் போகின்றன. வீடு, சாப்பாட்டுக் கடை, முதியோர் இல்லம், மருத்துவமனை எல்லாவற்றின் கழிவும் ஒரே குழாயில் சேர்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை பூமிக்கு அடியில் 48 கிலோமீட்டர் ஓடும் ஆழ்சுரங்கக் கழிவுநீர்ப் பாதை 2008 இல் முடிந்தது. அதன் கடைசியில் இருப்பது சாங்கி நீர் மீட்பு ஆலை. அங்கே கழிவைத் தின்னவே பாக்டீரியாவை வளர்க்கிறார்கள், காற்றை ஊதி ஊதி. அழுக்கைச் சாப்பிடப் பாக்டீரியாவை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பதால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வகைப் பாக்டீரியா இவ்வளவு நெருக்கமாக, மருந்து மிச்சங்களுக்கு நடுவே இருக்கும்போது ஒன்று நடக்கிறது. ஒரு மருந்தைச் சமாளிக்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் இருந்தால், ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருப்பதற்கு அப்படியே கைமாற்றிவிடும். பெற்றுக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குழாய்ச் சுவரில் படியும் வழுவழுப்பான கிருமிப் படலத்திலும் இதே வியாபாரம் நடக்கலாம். ஜெட்டிங் ஓஸை இழுக்கும்போது எங்கள் கையிலும் முழங்காலிலும் ஒட்டுவது அந்தப் படலம்தான்.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குள்ள மருத்துவமனைக் கழிவுநீரைச் சோதித்து 2016 இலும் 2018 இலும் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். இ.எஸ்.பி.எல் கிருமிகள் இருந்தன. கார்பபெனத்தையே உடைக்கும் கிருமிகளும் இருந்தன. அதாவது, தம்பியின் விரலைக் காப்பாற்றிய அந்த ஊசிக்கும் மசியாதவை. நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைகளையும் 2018 இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சவ்வு வைத்த முறை, பழைய முறையைவிட இந்தக் கிருமிகளையும் மரபணுக்களையும் நன்றாகவே பிடித்துவைத்தது.

இதைப் படித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க யாரும் பயப்பட வேண்டாம். கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர், 2003 இல் வந்த நாளிலிருந்தே நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் தாண்டித்தான் வருகிறது. உப்பையே தடுக்கும் சவ்வைப் பாக்டீரியா தாண்டாது. எஞ்சும் கழிவுச் சேற்றையும் இங்கே எரித்துவிடுகிறார்கள். பல நாடுகளைப்போல வயலில் கொட்டுவதில்லை. ஆலையின் கடைசி முனையில் செய்ய வேண்டியதை இந்த ஊர் செய்கிறது, எனக்கு அதில் பெருமைதான். என் சண்டை முதல் முனையைப் பற்றியது. சவ்வும் கதிரும் வருவதற்கு வெகு முன்னால், மூடியைத் திறந்து குனிகிறவனுக்கும் அந்தக் கழிவுக்கும் நடுவே ஒரு ரப்பர் கையுறை மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கம்பி குத்தினால் கிழிகிற கையுறை.

டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாயுவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் சுவா சூ காங் தண்ணீர் நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி இந்தியாவிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு வாயு மீட்டர் இல்லாமல் மூடியைத் தூக்க எந்தச் சூப்பர்வைசருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. வாயு நிமிடத்தில் கொல்லும், மீட்டர் கத்தும். கிருமி அப்படிக் கத்தாது. வேலை முடிந்து, எம்சி முடிந்து, சில சமயம் ஒப்பந்தமே முடிந்து ஊருக்குப் போனபிறகு சிறுநீர்த் தொற்றாகவோ ஆறாத புண்ணாகவோ வெளியே வரலாம். அப்போது அவன் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இருக்க மாட்டான். கிருமி ஆபத்து உங்கள் பட்டியலில் ஏறாமலே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் 2017 நவம்பரிலேயே இதற்கு ஒரு தேசியச் செயல்திட்டம் போட்டது. மனிதர், விலங்கு, உணவு, சுற்றுப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நல்ல திட்டம், தண்ணீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் அதில் பங்காளி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர் விதிகளில், ஒரு லட்சம் பேருக்கு ஈடான கழிவுநீரும் அதற்கு மேலும் வரும் பகுதிகளில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டது. ஜெர்மனி, நெதர்லாந்து, ருமேனியா நாடுகளில் சுத்திகரிப்பு ஆலை ஊழியர்களையும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களையும் சோதித்து, அவர்கள் குடலில் இந்தக் கிருமி இருக்கிறதா என்றே ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கலாமே.

கொரோனா காலத்தில் டார்மிட்டரி மேன்ஹோல்களில் மாதிரி எடுத்து, யாருக்காவது தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்ல வேலைதான். எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கழிவுநீர் பயன்பட்டது. அதே கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்கும் அது பயன்படலாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் பெட்டியில் ஊறுகாயோடு அசித்ரோமைசின் அட்டையும் இருக்கும். இங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது, ஊரில் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல் என்றால் இரண்டு மாத்திரை, சரியானதும் மீதி அடுத்த தடவைக்கு. கிருமிக்குப் பயிற்சி கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. தம்பிகளை இதற்காகத் திட்டியும் இருக்கிறேன். ஆனால் ஏன் செய்கிறார்கள் என்றும் தெரியும். வெளிநாட்டு ஊழியர் மருத்துவ நிலையத்தில் ஒரு தடவைக்கு 5 வெள்ளிதான், அது பெரிய காசு இல்லை. போனால் அன்றைய ஓவர்டைம் போகும், அடிக்கடி போனால் "இவன் சீக்காளி" என்று பெயர் வரும், பெயர் வந்தால் பெர்மிட் புதுப்பிக்கும்போது என்ன ஆகுமோ என்ற பயம். இந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நீங்கள், போக்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

இனி, நான் கேட்பவை.

முதலில் அந்தத் தொட்டியைத் திரும்ப வையுங்கள். ஒவ்வொரு லாரியிலும் சுத்தமான ஓடும் தண்ணீர், சோப்பு, துடைக்கக் காகிதம். சானிடைசர் கூடவே இருக்கட்டும், பதிலாக வேண்டாம். பம்ப் அடைப்பு எடுப்பவர்களுக்கு ரப்பர் கையுறைக்கு உள்ளே போட, வெட்டும் குத்தும் தாங்கும் கையுறை வேண்டும். ஜெட்டிங் செய்பவர்களுக்கு முகக் கவசத் தகடு வேண்டும், மேன்ஹோலிலிருந்து தெறிப்பது நேராக முகத்துக்குத்தான் வருகிறது. வேலை உடுப்பை டிப்போவிலேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுப் போக இடமும் நேரமும் வேண்டும். பன்னிரண்டு பேர் தூங்கும் அறைக்கு அந்த உடுப்பு போகக் கூடாது. அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பதையும் எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் யாரும் குளிக்காமல் லாரி ஏறிவிடுவார்கள்.

கழிவுநீர் வேலையில் சின்னக் கீறல் என்று எதுவும் இல்லை என்பதை விதியாக்குங்கள். உடனே கழுவி, மூடி, அன்றைக்கே மருத்துவர். ஓவர்டைம் வெட்டக் கூடாது. ஒவ்வோர் ஊழியருக்கும் தமிழ், வங்காளம், ஆங்கிலத்தில் ஒரு சட்டைப்பை அட்டை: "நான் கழிவுநீரில் வேலை செய்கிறேன். காயத்தில் சீழ் இருந்தால் கல்ச்சருக்கு அனுப்பிப் பாருங்கள்." தம்பியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேட்டது மருத்துவமனை மருத்துவர்தான், அதற்குள் இரண்டு மாத்திரை வகைகள் வீணாகியிருந்தன.

எங்கள் அலுவலகம் அவனுடைய விடுப்பைச் சொந்த நோய் என்ற கணக்கிலிருந்து எடுத்து வேலைக் காயமாகத் திருத்த வேண்டும், அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களும் தங்கள் பழைய பதிவுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஒப்பந்தம் வழங்குபவர்களுக்கு: கை கழுவும் வசதி, குளியல், கையுறை, இவற்றின் விலையைத் தனி வரியாக விலைப்புள்ளியில் கேளுங்கள். குறைந்த விலைக்கு எடுக்கிறவர் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். தனி வரியில் இருந்தால் வெட்ட முடியாது. சப்கான், அதாவது துணை ஒப்பந்த, ஆட்களுக்கும் அதே வரி பொருந்த வேண்டும். ஆலைக்கு வரும் கழிவுநீரில் மருந்து எதிர்ப்புக் கிருமிகளைச் சோதிக்கும்போது, எந்தப் பகுதிக் குழாயில் என்ன அதிகம் என்பதை அங்கே இறங்கும் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கழிவுநீர் ஊழியர்களிடம் ஓர் ஆய்வும் நடத்துங்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரட்டும். பெயரும் முடிவும் முதலாளி கைக்குப் போகக் கூடாது. கிருமி இருக்கிறது என்று தெரிந்ததற்காக யார் பெர்மிட்டும் ரத்தாகாது என்ற உறுதி அதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். அது இல்லாமல் ஒருவரும் மாதிரி கொடுக்க மாட்டார்கள், நானே கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தொட்டிக்கு டெண்டரும் ஆய்வும் தேவையில்லை. கழற்றி வைத்தவை டிப்போ மூலையில் கிடக்கின்றன. இந்த வாரமே மாட்டலாம். மற்றவற்றுக்கு, அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிலை எழுத்தில் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஒட்ட வேண்டும். டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாயால் சொல்லிவிட்டுப் போவதைப் பதிலாக நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
கழிவுநீர்ப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்
சிங்கப்பூர்